அஞ்சலாட்சிக்கு முன் ஒரு டொக்

புதுச்சேரி,
3-7-1956

அன்புள்ள கோவிந்தராசு,

இங்கே நானும் வீட்டாரும் சுகம். அங்கே உன் உடம்பும் வயிறும் சுகமாக இருக்க வேண்டும். வயிற்றைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம், மெஸ் சாப்பாடு என்று எழுதியிருந்தாயே, அதுதான்.

நீ ரயிலேறிய மறுநாளே மூலக்குளம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. சேற்றுக் கையோடு வரப்பில் ஏறி வந்து, "ரயில்வே உத்தியோகம்னு ஊரே பேசுது தம்பி. ஆனா வாயத் தொறந்து தண்ணி கேக்கறதுக்குள்ள அவனுக்குத் தாகமே அடங்கிப்பூடுமே, தனியா எப்படி இருப்பான்?" என்று கேட்டார்கள். திக்குவாயை வைத்துக்கொண்டு பிள்ளை அந்நிய ஊரில் என்ன செய்வானோ என்ற பயம் அவர்களுக்கு. நான் தைரியம் சொன்னேன். "அவன் சொந்தப் பேச்சிலதாம்மா திக்குவான். என் வசனத்தைக் குடுத்துப் பாருங்க, மூச்சு விடாம கொட்டுவான்" என்றேன். உண்மைதானே?

நம் கல்லூரி ரேடியோவை நினைத்துப் பார். ரேடியோ என்று பேர்தான். பௌதிகம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்கார முசியே வாங்கிப் போட்ட ஒரு மைக், முற்றத்து வேப்பமரத்தில் கட்டிய ஒரு ஒலிபெருக்கி. சனிக்கிழமை மத்தியானம் கால்மணி நேரம் நமக்கு. கதவைச் சாத்திக்கொண்டு, நான் எழுதியதை நீ பேசுவாய், அம்மாவாசை கொட்டாங்கச்சியையும் தகரத்தையும் வைத்துச் சத்தம் கொடுப்பான். நகரசபை மேரிக்கு வந்து வழக்காடும் கிராமத்து அஞ்சலாட்சியும் நீ, மூக்கால் பேசும் மேரி குமாஸ்தாவும் நீ. முற்றத்தில் இருந்தவர்கள் உள்ளே ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று சத்தியமே செய்தார்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத முசியே கண்ணீர் வரச் சிரித்தார்.

இப்போது விஷயம். நீ போய்ச் சேர்ந்திருப்பது திருச்சியில். ரேடியோ நிலையம் இருக்கிற ஊர். நம் பழைய 'அஞ்சலாட்சியின் ஆடு' நாடகத்தைச் செப்பனிட்டு அனுப்பப் போகிறேன். இந்த மேரி ஆபீசில் பிரெஞ்சுக் கோப்புகளை இங்கிலீஷில் மாற்றி எழுதி எழுதி எனக்குச் சிரிப்பே மறந்துவிடும் போலிருக்கிறது. நிலையத்தார் எடுத்துக்கொண்டால் அஞ்சலாட்சி நீதான். சம்மதமா?

ரெட்டியார்பாளையத்தில் அம்மாவாசை ரேடியோ ரிப்பேர் கடை போட்டுவிட்டான். போர்டில் தன் பேரைப் பெரிதாகவும் ரேடியோவைச் சிறிதாகவும் எழுதியிருக்கிறான்.

உன் ஜானகிராமன்

---

திருச்சி,
21-7-1956

அன்பு ஜானகிராமா,

கடிதம் கிடைத்தது. வயிறு சௌக்கியம். உடம்பும் அதன் பின்னாலேயே சௌக்கியம். உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

எனக்குப் பார்சல் ஆபீசில் வேலை. பின்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து லேபிள் எழுதுகிறேன். வெற்றிலைக் கட்டும் கருவாட்டுக் கூடையும் ஒன்றாக வந்து இறங்கும்போது வருகிற வாசனையை நீ முகர்ந்திருக்க மாட்டாய். போன வாரம் ஒரு கோழி தராசுத் தட்டிலேயே முட்டை போட்டுவிட்டது. முட்டை அனுப்புகிறவருக்கா, பெறுகிறவருக்கா, ரயில்வேக்கா என்று காலை முழுக்க வாதம் நடந்தது. சாயங்காலம் பார்த்தால் முட்டையைக் காணோம். இதை நீ நாடகமாக எழுதலாம்.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே ஆற்றில் இருக்கும் என்கிறார்கள். தினம் சாயங்காலம் பாலத்தின் மேல் போய் நிற்கிறேன்.

ஆட்டை அனுப்பு. எனக்குச் சம்மதம். அஞ்சலாட்சி சுகமாகத்தான் இருக்கிறாள்.

அம்மாவாசையிடம் அந்தப் பழைய கொட்டாங்கச்சி இருக்கிறதா என்று கேட்டு எழுது. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
கோவிந்தராசு

---

புதுச்சேரி,
14-9-1956

அன்புள்ள கோவிந்தராசு,

எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் தலை கனத்திருக்கிறது. காரணத்தைக் கேள். திருச்சி நிலையத்திலிருந்து பதில் வந்துவிட்டது. நாடகம் பிடித்திருக்கிறதாம். அக்டோபர் பத்தாம் தேதி காலையில் நீ குரல் தேர்வுக்குப் போக வேண்டும். உன் விலாசத்துக்கும் தனியாக எழுதியிருப்பார்கள்.

புதுப் பிரதி இத்துடன் வருகிறது. நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எனக்குப் பிடித்த இடத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

குமாஸ்தா: உன் ஆடு எந்த நாட்டு ஆடு?
அஞ்சலாட்சி: மேயறது இந்தியாவுல சாமி, தூங்கறது பிரான்சுல.
குமாஸ்தா: அப்போ அது பிரெஞ்சுப் பிரஜையா, இந்தியப் பிரஜையா?
அஞ்சலாட்சி: இப்போதிக்கி சினையா இருக்குது சாமி.

இது நிஜ ரேடியோ என்பதால் கல்லூரிப் பிள்ளை விளையாட்டையெல்லாம் சீவி எறிந்துவிட்டேன். முக்கியமாக அந்த டொக். ஒவ்வொரு நாடகமும் அம்மாவாசை மேஜைமேல் கொட்டாங்கச்சியால் ஒரு தட்டுத் தட்டித்தானே ஆரம்பிக்கும்? எதற்கென்று எனக்கு அன்றும் விளங்கவில்லை. இப்போது அஞ்சலாட்சி, "ஏம்ப்பா, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று நேராகவே உள்ளே வருகிறாள். சுத்தமாக இருக்கிறது.

இதை அம்மாவாசையிடம் படித்துக் காட்டினேன். "அந்த டொக்க எடுக்காத" என்றான். ஏன் என்று கேட்டேன், திருப்புளியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். தன் சத்தம் போய்விட்டதே என்று அவனுக்கு வயிற்றெரிச்சல். கொட்டாங்கச்சி இருக்கிறது, கடையில் அதில்தான் ஆணி போட்டு வைத்திருக்கிறான்.

போன ஞாயிறு உன் கடிதங்களை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முட்டைக் கதைக்குச் சிரித்தார்கள். பிறகு, "எல்லாத்தையும் எழுதறான். யார்கிட்ட என்ன பேசினான்னு ஒரு வரி இல்லையேப்பா" என்றார்கள். தாய் மனசு அப்படித்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்வுக்கு முந்தின நாள் எண்ணெய்ப் பண்டம் தின்னாதே.

ஜானகிராமன்

---

திருச்சி,
19-10-1956

அன்பு ஜானகிராமா,

உன் தலைக்கனம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம், வேறொன்றுமில்லை.

பத்தாம் தேதி போய்வந்தேன். எழுதி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

இங்கே மழை. பார்சல் ஆபீசில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. ஐந்து குட்டி. வாழைத்தார் அடுக்குகிற மூலையில் கிடக்கின்றன. அதில் கறுப்புக்குட்டி ஒன்று என் காலடிக்கு வந்து படுத்துக்கொள்கிறது. அதற்கு இன்னும் குரைக்கத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல், மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

கோவிந்தராசு

---

புதுச்சேரி,
15-12-1956

கோவிந்தராசுக்கு,

நான் சுகமாக இருக்கிறேனா என்று நீ கேட்கவில்லை, ஆகவே நானும் சொல்லவில்லை. தீபாவளிக்கு ஒரு கடிதம் போட்டேன், கார்த்திகைக்கு ஒன்று போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

நேற்று நிலையத்திலிருந்து வந்தது பதில். நாடகம் வேண்டுமாம். ஆனால் "தேர்வுக்கு வந்த நண்பர் பேச இயலாமல் திரும்பிவிட்டார், எங்கள் கலைஞர் ஒருவரைக் கொண்டு பேசச் செய்யலாமா" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். இதை நான் அவர்கள் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டுமா? நீ எனக்கு நாய்க்குட்டி கதை எழுதுகிறாய்.

என்ன ஆயிற்று உனக்கு? அதே வசனம். நீ நூறு தடவை பேசியது. தூக்கத்தில் எழுப்பினாலும் பேசுவாய் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், என் ஆபீசில் சொன்னேன், தெருவில் சொன்னேன். மைக்கைக் கண்டதும் பயமா? சோம்பலா? ரயில்வே உத்தியோகம் வந்ததும் அஞ்சலாட்சி மட்டமாகிவிட்டாளா?

அவர்களுடைய ஆளுக்கே கொடுத்துவிடலாம் என்றுதான் கை துறுதுறுக்கிறது. கொடுக்கட்டுமா? பதில் எழுது. இந்தத் தடவை நாயைப் பற்றி எழுதாதே.

ஜானகிராமன்

---

திருச்சி,
30-12-1956

அன்பு ஜானகிராமா,

சுகம். உன் சுகத்தைக் கேட்காமல் விட்டதற்கு மன்னித்துக்கொள்.

அவர்களையே பேசச் சொல்லிவிடு. நாடகம் நன்றாக இருக்கிறது. யார் பேசினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

பொங்கலோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். நிலத்தில் பேச்சுக்கு அதிகம் தேவை இல்லை. அம்மாவிடம் இதை இப்போது படித்துக் காட்டாதே.

கோவிந்தராசு

---

திருச்சி ஜங்ஷன்,
8-1-1957

ஜானகிராமனுக்கு அம்மாவாசை எழுதிக்கொள்வது. நான் நல்லா இருக்கேன். நீயும் கோவம் தணிஞ்சு நல்லா இருக்கணும். எனக்கு உன்னைப்போல எழுத்து நடை வராது, பேசுற மாதிரியே எழுதறேன், திருத்திப் படிச்சுக்க.

வால்வு வாங்கப் போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டு வந்தது பொய். அவன் வேலைய விடறேன்னு எழுதினத நீ படிச்சுக் காட்டுனியே, அதான் வந்தேன்.

பார்சல் ஆபீஸ் வாசல்ல ஒரு போர்ட்டர் பெரியவர். பாண்டிச்சேரி கோவிந்தராசுவப் பாக்கணும்னேன். "யாரு, அந்த ஊமப் புள்ளையா?"ன்னாரு. எனக்கு அப்படியே திக்குன்னு ஆயிடுச்சு. ஏழு மாசமா இவன் அங்க வாயே தொறக்கலடா. முத நாள் பேரக் கேட்டிருக்காங்க, 'கோ'வுலயே நின்னுட்டிருக்கு, யாரோ சிரிச்சிருக்காங்க. அன்னிலேர்ந்து தலையாட்டறது, சீட்டு எழுதிக் காட்டறது. ஊமைன்னே முடிவு பண்ணிட்டாங்க. நல்ல மனுசங்கதான், பாவப்பட்டு டீயெல்லாம் வாங்கித் தராங்க. ஆறு குரல்ல பேசுனவன ஊமைன்றாங்க.

இன்னொண்ணு சொல்றேன். சொல்ல மாட்டேன்னு அவன்கிட்ட வாக்குக் குடுத்தது, போனாப் போவுது. அந்த டொக் எனக்காக இல்ல. முத ஒத்திகையில அவனுக்கு வாய் வரல, ஞாபகம் இருக்கா? நீ தாள எடுத்துவரப் போயிருந்த. என் கையிலேர்ந்து கொட்டாங்கச்சி தவறி மேஜமேல விழுந்துச்சு. விழுந்த சத்தத்தோட அவன் பேச ஆரம்பிச்சான். அதுலேர்ந்து அப்படித்தான். முதச் சொல்லுக்கு முன்னாடி ஒரு சத்தம் விழணும், வேற ஒருத்தர் போடணும். ஒருவாட்டி வந்துட்டா அப்புறம் நிக்காது.

நீ திரும்பி வந்து, "பாத்தியா என் வசனத்த, திக்குவாயே சரியாயிடுச்சு"ன்னு குதிச்ச. "சொல்லாதடா, அவன் சந்தோசமா இருக்கட்டும்"ன்னு இவன் எங்கிட்ட சைகை காட்டுனான். நீதான் அந்த டொக்க சுத்தம் பண்றேன்னு அடிச்சுட்ட.

ரெண்டு நாள் கூட இருந்துட்டு வரேன். கடையைப் பூட்டித்தான் வெச்சிருக்கேன், யாராச்சும் கேட்டா வியாழக்கெழம வருவான்னு சொல்லு.

அம்மாவாசை

---

புதுச்சேரி,
13-1-1957
போகி

அன்புள்ள கோவிந்தராசு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன். உன் அம்மா சுகம், கூரை வேய்ந்தாயிற்று. நான் சுகமாக இல்லை.

அம்மாவாசை எல்லாவற்றையும் எழுதிவிட்டான். அவன்மேல் கோபப்படாதே. என்மேல் படு. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. முதலில் என்மேல், பிறகு உங்கள் இரண்டு பேர்மேலும். என் வசனத்தைப் பேசினால் திக்காது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, நீங்கள் என்னை விட்டு வேடிக்கை பார்த்தீர்களே. வேடிக்கை பார்க்கவில்லை, எனக்காகத்தான் சும்மா இருந்தாய் என்று தெரிகிறது. அதுதான் இன்னும் தாங்கவில்லை. உனக்கு வேண்டிய அந்த ஒரே சத்தத்தைச் சிவப்பு மையால் அடித்து, 'சுத்தமாக இருக்கிறது' என்று வேறு எழுதினேன் பார்.

சோம்பலா என்று கேட்டதற்கு என்னை மன்னித்துவிடு. இதை இதற்கு மேல் நீட்டினால் நீ சிரிப்பாய்.

நிலையத்துக்கு எழுதிவிட்டேன். கோவிந்தராசு பேசினால் ஆடு வரும், இல்லாவிட்டால் கொட்டகையிலேயே கிடக்கட்டும் என்று. இன்னொரு தடவை அவனைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றும் கெஞ்சியிருக்கிறேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை, எழுத்தில் தெரியும். முதல் வரியே இப்போது, 'மேரியின் கதவை அஞ்சலாட்சி தட்டுகிறாள். டொக்.'

வேலையை விடாதே. விட்டுவிட்டு வந்து நிலத்தில் நின்றால் உன் அம்மா தினமும் உன் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாளை அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு போகிறேன்.

கறுப்புக்குட்டி எப்படி இருக்கிறது? நாயைப் பற்றி எழுது.

உன் ஜானகிராமன்

---

திருச்சி,
24-3-1957

அன்பு ஜானகிராமா,

பதில் எழுத இரண்டு மாசம் ஆகிவிட்டது. கோபமில்லை, எழுதினால் நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். நான் சுகம். கறுப்புக்குட்டி வளர்ந்து ஸ்டேஷன் மாஸ்டரையே பார்த்துக் குரைக்கிறது.

உன்னிடம் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அக்டோபரில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கையைத் தூக்கிக் காட்டினார். நான் 'ஏ' என்று வாயைத் திறந்தேன். அந்த 'ஏ' அங்கேயே நின்றது. மறுபடி கையைத் தூக்கினார். மறுபடி நின்றது. கடைசியில் ஒருவர் வந்து தண்ணீர் கொடுத்தார். கேட்காமலேயே கிடைத்த தண்ணீர் அது ஒன்றுதான். அறைக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் எனக்குத் திக்காது அல்லவா, ஆனால் அன்றைக்கு அதுவும் வரவில்லை.

இந்த மாதம் ஐந்தாம் தேதி மறுபடி கூப்பிட்டார்கள். சத்தம் கொடுக்கிறவர் அங்கே ஒரு குட்டிக் கதவே வைத்திருக்கிறார். டொக் என்று தட்டினார். அஞ்சலாட்சி வந்துவிட்டாள். 'சினையா இருக்குது சாமி' வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். தேறிவிட்டேன். ஏப்ரல் இருபதாம் தேதி மாலை ஆறே முக்காலுக்கு ஒலிபரப்பு. சனிக்கிழமை, கவனித்தாயா?

ஒரே ஒரு சங்கடம். நேற்று ஒத்திகையில் ஆரம்ப இசையைப் போட்டுப் பார்த்தார்கள். இசை முடிந்ததும் கதவுச் சத்தம் எதற்கு, சிவப்பு விளக்கு எரிந்ததும் நேராகப் பேசிவிடுங்கள் என்றார் நாடகத்தை நடத்துகிறவர். அவர் சொன்னது தப்பில்லை, கேட்க அதுதான் நன்றாக இருக்கும். எனக்கு டொக் வேண்டும் என்று கேட்கப் போனேன். 'டொ, டொ' என்று அங்கேயே நின்றேன். அவருக்கு வேறு வேலை இருந்தது. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சீட்டு எழுதிக் கொடுக்கலாமே என்பாய். ஆபீசில் அப்படி எழுதிக் கொடுத்துத்தான் ஊமையானேன். இங்கேயும் ஆக மனசில்லை. நானே மேஜையைத் தட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. அன்றைக்கு நேரடி ஒலிபரப்பு. நின்றுபோனால் ஊர் முழுக்கக் கேட்கும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் போவேன்.

உன் கோவிந்தராசு

---

புதுச்சேரி,
6-4-1957

அன்புள்ள கோவிந்தராசு,

சுகம் சுகம். நீ தேறியதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு விஷயத்தை நான் படிக்கவில்லை.

நிலையத்துக்கு நான் எழுதட்டுமா என்று யோசித்தேன். நீ கேட்கக் கூடாது என்று இருக்கும்போது நான் கேட்பது சரியில்லை என்று அம்மாவாசை சொல்கிறான். அவன் இப்போதெல்லாம் சொல்வதை நான் கேட்கிறேன். எனக்கு ஒரு யோசனையும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியிருக்கிறது, மீதி இடம் அவனுக்கு.

ஜானகிராமன்

கோவிந்தராசு, நான் அம்மாவாசை. சனிக்கெழம எல்லாரும் என் கடையிலதான் கேப்போம். பாட்டு முடிஞ்சதும் நான் இங்க தட்டுவேன். அதே கொட்டாங்கச்சி, ஆணியெல்லாம் கொட்டிட்டுக் கழுவி வெச்சுட்டேன். உனக்குக் கேக்காது. ஆனா நான் தட்டுவேன்னு உனக்குத் தெரியும் இல்ல? வெளக்கு எரிஞ்சா நான் தட்டியாச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீ என்ன பண்ணணும்னு உனக்கே தெரியும்.

---

புதுச்சேரி,
20-4-1957

அன்புள்ள கோவிந்தராசு,

நீ சுகமா? உடனே எழுது. நாங்கள் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

அம்மாவாசையின் வேலை. கடைக்குள் பெஞ்சு போட்டு, ரேடியோவுக்குக் கதம்பம் சாத்தி, உன் அம்மாவை முன்னால் உட்கார வைத்து, தெருவே கூடி நின்றது. ஐந்தரை மணிக்கு இவன், "குரல் கொஞ்சம் தகரத்துல அடிக்குது, சரி பண்ணிடறேன்" என்று முதுகைக் கழற்றினான். வேண்டாம் என்றேன். ஊரில் எல்லோர் ரேடியோவையும் பிழைக்க வைத்தவன் தன்னுடையதைக் கொன்றுவிட்டான். புகை வந்தது, ஒரு நாற்றம் வந்தது, அதோடு சரி.

நேரம் நெருங்கியது. என் கடிகாரத்துக்கும் கடைக் கடிகாரத்துக்கும் பொருந்தவில்லை. நான் இன்னும் ஆகவில்லை என்கிறேன், அவன் ஆகிவிட்டது என்கிறான். கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அந்தச் செத்த பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். "செத்த பேசாம இருங்கப்பா" என்று உன் அம்மா அதட்டினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான், காத்திருந்தான், மேஜைமேல் ஒரு தட்டுத் தட்டினான். சரியான நேரம்தானா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பிறகுதான் புத்தி வந்து நான்கு வீடு தள்ளி ஓடினோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் வீட்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வாசலை மிதிக்கும்போது, "அஞ்சலாட்சியின் ஆடு, இத்துடன் முடிவடைந்தது" என்றார்கள். நாகசுரம் ஆரம்பித்துவிட்டது. நீ பேசியிருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், பேசாவிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பெரியவரை உலுக்கிக் கேட்டேன். பீரங்கியில் காது போனவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "எல்லாம் நல்ல சேதிதான்" என்றார்.

"பேசினானாப்பா?" என்று உன் அம்மா கேட்டார்கள்.

தந்தி கொடுக்காதே, தந்தி என்றாலே அவர்கள் பயந்துவிடுவார்கள். ஒரு வரி எழுது. எதுவானாலும் சரி, எழுது.

ஜானகிராமன்

---

திருச்சி,
22-4-1957

அன்பு ஜானகிராமா,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள், சிரித்துக்கொண்டும் இருப்பீர்கள். உன் கடிதம் வருமுன்னே எழுதுகிறேன். ரேடியோவில் கேட்டவர்களிடம் நான் என்ன சொல்ல? இருந்தாலும் உங்களுக்குக் கேட்காத பாகத்தை எழுதுகிறேன்.

இசை நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. 'ஏ' தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது, அக்டோபரில் உட்கார்ந்த அதே இடத்தில். கண்ணாடிக்குப் பின்னால் கை ஆடுகிறது. எனக்கு அப்போது அம்மாவாசையின் கடைதான் கண்ணில் நின்றது. ரேடியோவுக்கு நேரே உட்கார்ந்திருப்பான், கண்ணை மூடியிருப்பான், அவன் எப்போதும் கண்ணை மூடித்தான் தட்டுவான். இப்போது தட்டியிருப்பான் என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியே, "ஏம்ப்பா, உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று அஞ்சலாட்சி கேட்டுவிட்டாள். ஒரு மூச்சு தாமதம், அவ்வளவுதான். இங்கே யாரும் கவனிக்கவில்லை. அம்மாவாசை சரியான நேரத்தில் தட்டினான் என்று அவனிடம் சொல். கடைசிவரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

உன் வசனம் பிரமாதம். இதை அவன் சொல்லச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

இன்று காலை ஆபீசுக்குப் போனேன். டீக்கடையில் ரேடியோ கேட்டவர்கள் நிறையப் பேர். போர்ட்டர் பெரியவர் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லோருக்கும் 'சினையா இருக்குது சாமி'யைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்து, "பேசுனது யாரோ பாண்டிச்சேரி கோவிந்தராசுன்னாங்க. நம்ம ஊமப் புள்ளைக்கும் அதே பேரு, அதே ஊரு பாரு" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள்.

தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நான் எழுந்து நின்றேன். அங்கே விளக்கும் இல்லை, மைக்கும் இல்லை, அஞ்சலாட்சியும் இல்லை. கடையில் அம்மாவாசை அந்த நேரத்தில் யாருடைய ரேடியோவையோ பிரித்துக்கொண்டிருப்பான், எனக்காகத் தட்டமாட்டான் என்றும் தெரியும்.

"நா... நா..." என்றேன். நின்றது. தராசுத் தட்டில் வெற்றிலைக் கட்டை வைத்தவர் வைத்தபடியே இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தார்கள், ஜானகிராமா. பத்து மாசமாக அவர்களுக்கு அந்தச் சந்தர்ப்பத்தை நான்தான் கொடுக்கவில்லை.

"நா... நா... நான்தான்" என்றேன்.

திக்கித்தான் சொன்னேன். ஆனால் என் குரலில் சொன்னேன். பெரியவர் மூட்டையிலிருந்து இறங்கி வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

அம்மாவுக்கு இதை மெதுவாகப் படித்துக் காட்டு. அந்த 'நா, நா' வருகிற இடத்தில் அவசரப்படாதே. நான் நின்ற அளவுக்கு நீயும் நின்று படி.

உன் கோவிந்தராசு